உதிர்ந்த பழத்தில் ஓர் உயிர்

பாலக்காட்டு ஜைனிமேட்டில் எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபருக்குக் கருங்கல் கோயில் ஒன்று இருக்கிறது. மலையாளக் கவி குமாரனாசான் 1907இல் 'வீணபூவு' எழுதியது இந்த ஜைனிமேட்டில் தங்கியிருந்தபோதுதான். தரையில் விழுந்து கிடக்கும் ஒரு பூவைப் பற்றிய கவிதை அது. விழுந்த பூவைப் பார்த்துத் துக்கப்படலாம். விழுந்த பழத்தை என்ன செய்வது?

சமணத்தில் அதற்கென்றே ஒரு கதை உண்டு. பசியோடு ஆறு பேர் நாவல் மரத்தடிக்கு வருகிறார்கள். மரத்தையே வெட்டிச் சாய்க்கலாம் என்கிறான் ஒருவன். பெரிய கிளை போதும் என்கிறான் இன்னொருவன். சின்னக் கிளை, கொத்து, பழுத்தது மட்டும் என்று ஆசை படிப்படியாக இறங்கி வருகிறது. ஆறாமவன் பேசாமல் குனிந்து உதிர்ந்ததைப் பொறுக்குகிறான். மனத்தின் நிறங்களைச் சொல்லும் லேசியைக் கொள்கைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். ஆறாமவனின் நிறம் வெள்ளை.

நாவலுக்குச் சரி. முதலமடைப் பக்கம் புழக்கடையில் மாமரம் வைத்திருப்பவரிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார். பெண் பழ ஈ முதிர்ந்த காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். வெளியே பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் பொதபொதவென்று அமுங்கும். உள்ளே புழுக்கள் சதையைக் கூழாக்க, பழம் நாள் வருமுன்னே உதிர்கிறது; புழு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. ஆக, பாவமே வேண்டாம் என்று குனிந்தவன் கையில்தான் மற்ற ஐவரைவிட அதிக உயிர்கள்!

உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழியில் புதைக்கச் சொல்கிறது வேளாண் துறை. கோழி வளர்ப்பவர்களுக்கு அந்த வேலையும் மிச்சம். கூண்டைத் திறந்துவிட்டால் மரத்தடியைச் சீய்த்துச் சீய்த்துக் கூட்டுப்புழு வரை தேடித் தின்றுவிடும். கொன்றது கோழிதானே என்று ஓர் ஆறுதலும் கிடைக்கும்.

அந்த ஆறுதலை ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'யசோதர காவியம்' விட்டுவைக்கவில்லை. உயிர்ப்பலி கூடாது என்று தயங்கிய மன்னன், தாயின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். அதற்கே இருவரும் விலங்குப் பிறவிகளாக எடுத்து, கடைசியில் கோழிகளாகவே பிறக்கிறார்கள். மாவுக் கோழிக்கே இந்தக் கணக்கென்றால் நிஜக் கோழியை மரத்தடிக்கு ஓட்டிவிட்டவர் கதி என்ன? கொஞ்சம் அதிகப்படியான தண்டனைதான். ஆனாலும், வேறொரு வாயை ஏவிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதைக் காவியக்காரர் விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

இரவில் வேறு சிக்கல். சமணர்கள் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, விளக்கைத் தேடி வந்து மடியும் பூச்சிகள். அந்துப்பூச்சி பார்ப்பவர்களோ அதே விளக்கை வைத்துத்தான் அவற்றை அழைக்கிறார்கள்: முற்றத்தில் ஒரு வெள்ளை வேட்டி, அதன்மேல் வெளிச்சம். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம் இப்போது ஆண்டுதோறும் ஜூலையில் பல நாடுகளில் நடக்கிறது.

காந்தளூர் போன்ற பழத்தோட்ட ஊரில் அப்படி வேட்டி கட்டினால், பழம் துளைக்கும் அந்துப்பூச்சியும் வந்து உட்காரலாம். மடித்த சிறகு காய்ந்த இலை போலிருக்கும். விரித்தால் உள்ளே ஆரஞ்சும் கறுப்பும். உறிஞ்சுகுழலின் நுனி ஆரஞ்சுத் தோலைத் துளைக்குமளவுக்குக் கெட்டி. வேலியில் மருந்துக்கென்று படரவிட்ட சீந்தில் கொடியைத் தின்றுதான் அதன் புழு வளர்ந்திருக்கும். மலையாளத்தில் நாகசலபம் எனப்படும் பெரிய அந்துப்பூச்சி இதற்கு நேர் எதிர். யாரையாவது வாயில்லாப் பூச்சி என்போமே, இது மெய்யாகவே அப்படி. உண்ண வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஓரிரு வாரம் வாழ்ந்து, இணை தேடி முடிந்துபோகும். அதன் ஓர் இரவை வேட்டியில் நிறுத்திவைப்பது பார்ப்பவருக்குப் பொழுதுபோக்கு. பூச்சிக்கு ஆயுளில் பெரும் பங்கு.

சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் கண்ணகிக்கும் அவள் கணவனுக்கும் கவுந்தியடிகள் வழியை எடுத்துச் சொல்லும் இடம் இங்கே நினைவுக்கு வருகிறது. களை பறித்தவர்கள் வரப்பில் எறிந்த பூக்களில் வண்டு இருக்கும், கால்வாய்க் கரையில் நண்டும் நத்தையும் மிதிபடும் என்கிறார். போகாதீர்கள் என்று மட்டும் அந்தச் சமணத் துறவி சொல்லவில்லை, கூடவே நடக்கிறார்.

பொறுப்பான அந்துப்பூச்சி ஆர்வலர்கள் விடியுமுன்பே விளக்கை அணைத்து, வேட்டியை மெல்ல உதறிப் பூச்சிகளைப் புதருக்குள் விடுகிறார்கள். கோழியும் உள்ள வீடென்றால் அன்று பஞ்சாரத்தைத் தூக்கச் சற்று நேரமாகும். அப்படியும் சுவரோரம் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். கோழி முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.