பூத்தும் காய்க்காத மரம்



தை மாசி மாதங்களில் பெருநகர், மானாம்பதி பக்கம் வீடு வீடாக ஜெபிக்கப் போகிற ஊழியக்காரனுக்கு, கடன் கஷ்டம், சரீர சுகவீனம் இவைகளோடு இன்னொரு விண்ணப்பமும் வருகிறது. "பாஸ்டர், கொல்லையில வச்ச மாமரம் கொத்துக் கொத்தா பூக்குது. ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க." பின்னால் போய்ப் பார்த்தால் மரத்தில் ஆணி அடித்திருக்கும். சில வீட்டில் பழைய செருப்பு தொங்கும். ஞாயிற்றுக்கிழமை கைதட்டி ஆராதிக்கிற வீட்டில்தான் சொல்கிறேன்! கேட்டால், "ஊர் கண்ணு பாஸ்டர்" என்பார்கள். "யாரோ செஞ்சு வச்சிருக்காங்க" என்பார்கள்.

நான் முதலாவது கேட்கிற கேள்வி: "செடி வச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" பெரும்பாலும் பதில், "ரெண்டு வருஷம்" என்றே வரும்.

தேவபிள்ளைகளே, ஒட்டுமாங்கன்று என்றால் என்ன? காய்த்துப் பழகின ஒரு பெரிய மரத்தின் கிளையை எடுத்து, கொட்டையில் முளைத்த சின்ன நாற்றின் மேல் ஒட்டுகிறார்கள். மேலே இருப்பது பெரியவர்களுடைய தலை, கீழே இருப்பது குழந்தையின் கால். அதனால்தான் இடுப்பு உயரம் வருகிறதற்குள் பூத்துவிடுகிறது. கொட்டை போட்டு முளைத்த மரமானால் ஆறு, எட்டு வருஷம், சிலது அதற்கு மேலும், பூக்கிற எண்ணமே இல்லாமல் வளரும். ஒட்டுக்கன்று பூக்கும், ஆனால் பிஞ்சைத் தாங்குகிற அளவுக்கு வேர் இன்னும் ஓடியிருக்காது, இலையும் போதாது. ஆகவே மரமே பிஞ்சை உதிர்த்துவிடுகிறது. அது சாபமல்ல, அந்தச் செடிக்குக் கர்த்தர் கொடுத்த புத்தி என்றே நான் சொல்லுவேன்.

வளர்ந்த மரத்தின் கணக்கையும் கேளுங்கள். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலதில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அதில் அதிகமானவை ஆண் பூக்கள், அவை காய்க்கிறதற்கென்று வந்தவை அல்ல. இரண்டும் சேர்ந்த பூக்களிலும் பெரும்பாலானவை பிஞ்சிலேயே விழும். ஆயிரம் பூவுக்கு ஒன்றோ இரண்டோ பழமாய் நின்றால் அது நல்ல மரம். உதிர்ந்ததை எண்ணி அழுகிற அம்மாமார் நின்றதை எண்ணுவதில்லை.

இப்போது வேதத்தைத் திறந்து லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் 23 முதல் 25 வரை வாசித்துப் பாருங்கள். கானானுக்குள் போய் மரம் நட்டால், முதல் மூன்று வருஷம் அதன் கனியைச் சாப்பிடக்கூடாது. நாலாம் வருஷத்துக் கனி கர்த்தருக்கென்று பரிசுத்தமானது. ஐந்தாம் வருஷம்தான் நட்டவன் வாயில் வைக்கலாம். இன்றைக்குத் தோட்டக்கலை அதிகாரியிடம் போய்க் கேளுங்கள். ஒட்டுமாங்கன்றில் முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளிப் போடுங்கள், மரம் பலப்படட்டும் என்றே சொல்லுவார். மோசே தோட்டக்கலை படிக்கவில்லை, அல்லேலூயா!

பூவைக் கிள்ள மனசு வராது. எனக்குத் தெரியும். ஆசை ஆசையாய்த் தண்ணீர் ஊற்றி, முதல் பூவைக் கண்டதும் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் காட்டின பிறகு, கிள்ளுங்கள் என்றால் யாருக்குத்தான் வரும்?

சபையிலும் இதைக் காண்கிறோம். ஒரு வாலிபன் உபவாசக் கூட்டத்தில் தொடப்படுகிறான், அடுத்த மாதம் ஞானஸ்நானம் எடுக்கிறான், அதற்கடுத்த மாதம் அவன் கையில் மைக் கொடுத்து, "தம்பி, நீ செய்தி கொடு" என்கிறோம். நன்றாகவே பேசுகிறான். ஜனங்கள் கைதட்டுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து அந்தத் தம்பி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பிசாசு கெடுத்துவிட்டான் என்று அவன்மேல் பழி போட்டுவிட்டு நாம் போய்விடுகிறோம். புதிதாய் வந்த சீஷனைக் கண்காணியாக வைக்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது (1 தீமோத்தேயு 3:6) இதற்காகத்தான். வேர் விடுகிற காலத்தில் அவன் வேதம் வாசிக்கட்டும், பாய் மடிக்கட்டும், வியாதியஸ்தரைப் போய்ப் பார்க்கட்டும்.

நம்முடைய உத்திரமேரூரிலேயே இதற்கு ஒரு சாட்சி கல்லில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் வருஷத்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊர்ச் சபைக்கு 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்கிறவர்களை எடுத்தார்கள். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், எல்லாவற்றையும் மேல்பார்க்கிற சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். அந்த மேல் வாரியத்துக்கு யாரை எடுத்தார்கள் தெரியுமா? முன்னே தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகின பெரியவர்களை. தோட்டம் பார்க்கத் தெரியாதவன் கையில் ஊரைக் கொடுக்கவில்லை.

சரி, ஐந்து வருஷம் தாண்டியும் காய் நிற்கவில்லையா? அப்போதும் செய்வினை என்று ஓடாதீர்கள், மரத்தண்டை போய் நின்று பாருங்கள். பூங்கொத்தில் சாம்பல் பூசினது போலிருந்தால் அது சாம்பல் நோய், நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். கொத்தைத் தட்டினால் சின்னப் பூச்சிகள் தத்தித் தத்திப் பறக்கின்றனவா? இலையெல்லாம் பிசுபிசுத்து, பிறகு கரி படிகிறதா? அது தத்துப்பூச்சி, பூவின் சாற்றை உறிஞ்சிவிடும். மொட்டு விடும்போதே வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்க வேண்டும். பூ நன்றாய் மலர்ந்த பிறகு கண்ட மருந்தையும் அடித்தால் ஈயும் தேனீயும் சாகும். மாம்பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறது முக்கியமாய் ஈக்கள்தான். நாம் சீ என்று விரட்டுகிற ஈ!

ஆணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டையில் காயம் பட்டால் இலையில் செய்த சாரம் கீழே இறங்குவது தடைப்படும், அதனால் பூக்காத மரம் சிலசமயம் பூப்பதுண்டு. உங்கள் மரந்தான் பூக்கிறதே, அதற்கு எதற்கு ஆணி? செருப்புக்கு அந்தக் காரணமும் கிடையாது.

ஒரு வீட்டில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். அங்கே மாமரத்தோடு ஒரு பப்பாளியும் இருந்தது. தலை நிறைய நீளநீளமான காம்பில் பூ தொங்குகிறது, காய் இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கி மரத்தடியில் சாபம் புதைந்திருக்கிறது என்றும், அதை முறிக்க விசேஷ காணிக்கை வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தாயார் என்னிடம், "மரமும் அப்படியே இருக்கு, வந்தவளும் அப்படியே இருக்கா பாஸ்டர். மூணு வருஷம் ஆச்சு. பையனுக்கு வேற இடம் பாக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க" என்றார்கள். அந்தப் பெண் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தலை நிமிரவில்லை.

நான் சொன்னேன்: "அம்மா, இந்தப் பப்பாளி ஆண் மரம். நீங்க எத்தனை வருஷம் தண்ணி ஊத்தினாலும் இப்படித்தான் பூக்கும். இருபது பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் போதும், உங்ககிட்ட ஆண் மட்டும்தான் இருக்கு. ஆண் மரமே வராத ரெட் லேடி மாதிரி ரகத்துல கன்னு வாங்கி வைங்க. உங்க மருமக மரம் இல்ல. அவங்க கர்த்தருடைய பிள்ளை. பிள்ளை இல்லாத வீடுகள்ல ஏறக்குறைய பாதியில புருஷன் பக்கமும் காரணம் இருக்குதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. உங்க மகன் பரிசோதனைக்குப் போனாரா?" போகவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பெண்ணை மட்டும் வேப்பிலைச் சாறு முதல் ஊசி வரைக்கும் அலைக்கழித்திருக்கிறார்கள். ஆபிரகாமும் சாராளும் சேர்ந்தே காத்திருந்தார்கள் என்று வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு எங்கள் ஜெபம் மரத்துக்காக அல்ல.

பூவுக்கு ஒரு துணை தேவை என்பதற்கு அத்திமரமே உதாரணம். வெளிப்படுத்தின விசேஷத்தில் வாசிக்கிற சிமிர்னா பட்டணம் பேர்போன அத்திக்கு ஊர். இன்றைக்கு இஸ்மிர் என்கிறார்கள், துருக்கி தேசத்தில் இருக்கிறது. 1880-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக்காரர்கள் அந்த அத்தியைக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். மரம் செழித்தது, பிஞ்சு வந்தது, வந்ததெல்லாம் உதிர்ந்தது. சிமிர்னா விவசாயிகள் காட்டத்திக் காய்களைக் கோர்த்து மரத்தில் தொங்கவிடுவார்கள். படித்தவர்கள் அதை மூடவழக்கம் என்று சிரித்தார்கள். உள்ளே இருந்தது ஒரு சிறு குளவி, கொசுவைவிடச் சிறியது, மகரந்தத்தைச் சுமந்து அத்திக்குள் நுழைகிறது. 1899-இல் அந்தக் குளவி கலிபோர்னியாவில் நிலைப்பட்ட பிறகே காய் நின்றது.

லூக்கா 13-ஆம் அதிகாரத்து எஜமானும் மூன்று வருஷம் அத்தியில் கனி தேடி வந்து, வெட்டிப்போடு என்றான். தோட்டக்காரன் ஒரு வருஷம் தவணை கேட்டான். அவன் கேட்டது பரிகாரம் செய்ய அல்ல, சுற்றிலும் கொத்திவிட்டு எரு போட. மரத்தடி என்று நாம் நினைப்பது தண்டின் அடியை. உறிஞ்சுகிற வேர் கிளை நிழல் விழுகிற ஓரத்தில் இருக்கிறது. அங்கே வட்டமாகப் பாத்தி எடுத்து மக்கின சாணி எரு போடுங்கள். குளிக்கிற தண்ணீரைத் தினமும் தண்டில் தேங்கவிடாதீர்கள். மார்கழி முன்பனியில் மாமரத்துக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், பட்டாணி அளவு பிஞ்சு வந்தபின் கொடுங்கள். தவணை ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபக் குறிப்பு: மேலே சொன்ன குடும்பத்தில் மகன் அடுத்த வாரம் மனைவியோடு காஞ்சிபுரத்துக்குப் பரிசோதனைக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். பேர் எழுதவில்லை, கர்த்தர் அறிவார். புதன்கிழமை உபவாச ஜெபத்தில் இருவரையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.