அவசரம் யாருக்கு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், பேரருவிக்கு எதிரே நின்று வேடிக்கை பார்ப்பதே ஒரு சுகம். நான் குளிக்கப் போகும் நாட்களைவிட வேடிக்கை பார்க்கப் போகும் நாட்களே அதிகம். அருவிக்கு முன்னால் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை. தூரத்தில் நிற்கும் எனக்கு வெள்ளம் பெருகுவது தெரிகிறது. அடியில் தலையைக் கொடுத்து நிற்கிறவருக்கோ தெரிவதில்லை. தலைமேல் விழுவதெல்லாம் அவருக்கு ஒரே தண்ணீர்தான். காவலர் விசில் ஊதினால், "இன்னும் ஒரே நிமிஷம்" என்கிறார்.

அப்படி நான் நின்றுகொண்டிருந்த ஒரு புதன்கிழமைதான் தென்காசியிலிருந்து ஒரு பையன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். என் பழைய சிநேகிதரின் மகன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்தவன். மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சட்டைக்குள் செருகியிருந்தான். உறைக்குள் இரண்டு காகிதங்கள்.

"பெரியப்பா, ரெண்டு வேலை வந்திருக்கு. எதுக்குப் போகட்டும்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

ஒன்று கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் தொழிற்சாலை. மாதம் 18,000 ரூபாய். பிராவிடண்டு பண்டு உண்டு. போன வாரமே அவர்களிடம் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டான். மற்றது வளைகுடா நாட்டில். நம் பணத்தில் மாதம் 45,000 ரூபாய். தங்க இடம் இலவசம். ஆனால் ஏஜெண்டுக்கு 1,20,000 ரூபாய் கட்ட வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்.

45,000 பெரிதா, 18,000 பெரிதா என்று கேட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்லிவிடும். அந்தப் பதிலை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பணம் அற்பமானது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பணம் உள்ளவர்களே. வளைகுடாச் சம்பாத்தியத்தால் ஓட்டு வீடு மாடி வீடானதையும், தங்கைமாருக்குக் கல்யாணம் நடந்ததையும் இந்தப் பக்கத்து ஊர்களில் நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு காகிதங்களையும் படித்தபோது, இது வெறும் கழித்தல் கணக்கு அல்ல என்று பட்டது.

முதலில் வாக்கு விஷயம். "கோயம்புத்தூர்க்காரர்களிடம் வருகிறேன் என்று சொன்னாயே, அதற்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு வேண்டாம்னா மட்டும் நம்மளைச் சொல்லாமக் கொள்ளாம அனுப்பிர மாட்டாங்களா, பெரியப்பா?"

இந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. முதலாளியும் வேலை தேடுகிறவனும் கொடுக்கும் வாக்கு, சம பலம் உள்ள இருவரின் வாக்கு அல்ல. ஆட்குறைப்பு என்று ஒரு வரி எழுதி நூறு பேரை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. ஆகவே, சொன்ன ஒரு சொல்லுக்காக ஆயுள் முழுவதும் குறைந்த சம்பளத்தில் உட்கார்ந்திரு என்று உபதேசம் செய்ய எனக்கு நா எழவில்லை. ஆனால் மனம் மாறுவது வேறு. மாறியதை மறைத்து வைப்பது வேறு. இவன் வாயை மூடிக்கொண்டு இரண்டு காகிதங்களையும் சட்டைக்குள் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், தொழிற்சாலைக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது. அந்த இடம் காலியாகாதா என்று சங்கரன்கோவிலிலோ கடையநல்லூரிலோ காத்திருக்கும் இன்னொரு பையனுக்குத்தான் நஷ்டம். அவன் முகம் நமக்குத் தெரியாது. தெரியாத முகத்துக்குச் செய்யும் தீங்கு சுலபமாக இருக்கிறது. அதனால்தான் அதில் அதிக எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. வர முடியாது என்றால் இன்றே சொல்லிவிடு. அதுதான் நீ பட்ட கடன் என்றேன். தலையை ஆட்டினான்.

அடுத்தது ஏஜெண்டு விஷயம். "ஆள் எப்படி?" என்றேன்.

"நல்ல மனுஷர் பெரியப்பா. எங்க அத்தை வழியிலே தெரிஞ்சவர். நம்ம ஆளு."

"நம்ம ஆளு" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கங்காணியின் நினைவு வந்தது. நம் வாசகர்களில் பலர் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்திருப்பார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை அது. ஆள் பிடிக்க வந்த கங்காணி பெரும்பாலும் அந்நியன் அல்லன். அதே ஊர்க்காரன், பல சமயம் உறவுக்காரன். துரை வந்து கூப்பிட்டிருந்தால் ஜனங்கள் பயந்திருப்பார்கள். 'நம்ம ஆளு' கூப்பிட்டதால் நம்பிப் போனார்கள். அவன் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வழியில் சாப்பிட்ட சோறு எல்லாம் கணக்கில் ஏறியது. தூத்துக்குடி வழியே போனவர்களைத் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து அனுப்பினார்கள். தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே அவர்கள் கடனாளிகள்.

அதைவிட விசித்திரமான ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்துத் தொழிலாளிகள் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவர்களுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் அழைத்துக்கொண்டு போகலாம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். ஆள் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. போட்டி என்றால் தொழிலாளிக்குக் கூலி ஏற வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. கங்காணிக்குக் கொடுக்கும் முன்பணம் ஏறியது. அந்த முன்பணம் துண்டில் கடனாக எழுதப்பட்டது. ஆக, அவர்களைத் தேடி வேலை அதிகமாக வரவர, அவர்கள் தலையில் கடன் அதிகமாகியது. 1921-இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். துணிக்கு அடியில் என்ன விலை படிந்தது என்று பக்கத்தில் நிற்கும் மாட்டுக்குத் தெரியாது. தோட்டத்துத் துண்டுக்கும் இந்தத் துண்டுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

"அதெல்லாம் படிக்காத ஜனங்கள் ஏமாந்த காலம்" என்று சொல்லிவிடலாம். 2022-இல் தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும்படி அங்கே அவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். அரசு தலையிட்டுப் பலரை மீட்டு வர வேண்டியிருந்தது. அவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அல்லர்.

ஏஜெண்டுகள் எல்லாரும் அயோக்கியர்கள் என்பது என் கட்சி அல்ல. நேர்மையாகத் தொழில் நடத்தி, பல குடும்பங்களின் நன்றிக்குப் பாத்திரமானவர்களும் உண்டு. ஆனால் நல்லவரோ கெட்டவரோ, அந்தத் தொழிலின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். அவர் கூலி, நீ விமானம் ஏறும் நாளோடு முடிகிறது. உன் கூலி, நீ இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. போன இடத்தில் வேலை பொய்யாகப் போனால் நஷ்டம் உனக்கு. நீ போகாமல் நின்றுவிட்டால் நஷ்டம் அவருக்கு. ஆகையால் வெள்ளிக்கிழமை என்பது அவருடைய கிழமை. அதை உன் கிழமையாக நினைத்து நீ ஓடுகிறாய்.

இந்த வித்தியாசத்தை அறிந்துதான் சட்டமும் செய்தார்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றது. தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று விதிகளில் வரம்பு வைத்தார்கள். ரசீதும் கொடுக்க வேண்டும். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்றும் வைத்தார்கள். நம் பையனோ பத்தாவது தேறியவன். அந்தக் கதவில் அவனை நிறுத்தி, "எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய்?" என்று கேட்பார் இல்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்பது சர்க்காரின் நம்பிக்கை. ஆகவே அந்தக் கேள்விகளை அவன்தான் கேட்டாக வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். எனக்கே என் பேச்சு திருப்தியாக இருந்தது. பையன் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"பெரியப்பா, அவசரம் அவருக்கு மட்டும் இல்ல. எனக்கும் இருக்கு. அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடன் அப்படியே நிக்குது."

என் உபதேசம் அந்த இடத்தில் சற்றுத் தடுமாறியது. பசித்தவனிடம் நிதானத்தைப் பற்றிப் பேசுவது, சாப்பிட்டு எழுந்தவனுக்குச் சுலபம். அவன் சொன்னது உண்மை. ஏழையின் அவசரம் கற்பனை அல்ல. ஆனால் பிற்பாடு யோசித்தபோது ஒன்று தெரிந்தது. தரகர் அந்த அவசரத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்த அவசரத்துக்கு ஒரு தேதி போட்டார், அவ்வளவுதான். அவர் வியாபாரம் செய்கிற சரக்கே அது.

இருவருமாக மறுபடியும் கணக்குப் போட்டோம். அவன் அப்பா அந்த 1,20,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்குவதாக இருந்தார். மாதம் 3,600 ரூபாய் வட்டி. காகிதத்தில் எழுதியிருப்பது அத்தனையும் மெய்யானால், அந்த வட்டியைக் கட்டியும் வளைகுடாவே லாபம். இதை நான் மறைக்கவில்லை. மெய்யாக இல்லாவிட்டால்? சம்பளம் 45,000 என்று சொல்லி 25,000 கொடுத்தால்? கோயம்புத்தூரில் முதலாளி ஏமாற்றினால் ராத்திரி பஸ் ஏறி விடிவதற்குள் தென்காசியில் இறங்கிவிடலாம். அங்கேயிருந்து கடனோடு திரும்புகிறவனுக்கு ஊர் மட்டும் இருக்கிறது. ஊருக்குள் நுழைய முகம் இல்லை. "கடன் அடையட்டும்" என்று சகித்துக்கொண்டு கிடப்பான். பழைய தோட்டத்தில் துண்டு செய்த வேலையை இங்கே வட்டிச்சீட்டு செய்கிறது.

எனக்குத் தோன்றிய முடிவு இதுதான். இரண்டு வேலைகளை நிறுக்கும்போது முதலில் நிறுக்க வேண்டியது சம்பளத்தை அல்ல, திரும்பி வரும் வழியை. எந்த வேலையிலிருந்து, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து வெளியே வர முடியுமோ, அந்த வேலையில்தான் நாம் நம் உழைப்பை விற்கிறோம். மற்றதில் நம்மையே விற்கிறோம். உழைப்பை விற்கப் போகிறவன் காசு வாங்க வேண்டுமே தவிர, காசு கொடுத்துவிட்டுப் போவது தலைகீழான வியாபாரம்.

பையன் அங்கேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டான். மூன்று கேள்விகள் கேட்டான். வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயர் என்ன? உங்கள் பதிவு எண் என்ன? கட்டும் பணத்துக்கு ரசீது உண்டா? அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. "நம்பிக்கை இல்லேன்னா விட்டிருங்க தம்பி. பின்னாலே பத்துப் பேர் நிக்கான்."

கேட்டது மூன்று. மூன்றுக்கும் பதில் இல்லை.

அவன் கோயம்புத்தூருக்குப் போனான். வெளிநாட்டு ஆசையை விட்டுவிடவில்லை. விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசே 1978-இல் ஏற்படுத்திய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் ரயில் ஏறினான்.

சில மாதங்கள் கழித்து அவன் தகப்பனாரைத் தென்காசி கோபுர வாசலில் சந்தித்தேன். அந்த வாசலின் காற்றைப் பற்றி ஊரார் ஒன்று சொல்வார்கள்: நுழையும்போது எதிரே வந்து தள்ளும், பாதி கடந்தால் முதுகில் கை வைத்துத் தள்ளும் என்று. வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்:

"என்னவே, என் பிள்ளைக்கு மாசம் 27,000 ரூபாயைத் தட்டிவிட்டுட்டீரே?"

அந்த வேலை ஒருவேளை மெய்யாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் அவர் சொல்லும் தொகைக்கு நான்தான் பொறுப்பு. அவருக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மட்டுமல்ல, இன்றும் இல்லை. "பையன் எப்படி இருக்கிறான்?" என்று மட்டும் கேட்டேன்.

"அடுத்த வாரம் வாரான். அங்க சூப்பர்வைசர்கிட்ட ஏதோ பேச்சு வந்துட்டாம். பிடிக்கலேன்னா வந்திருவேன்னு சொல்லுதான்" என்றார் அவர், கோபம் தீராமல்.

வந்திருவேன் என்று அவன் சொல்ல முடிகிறதே என்று நினைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.