சொல்லிலே உறையும் வர்க்கம்

‘நேவ்’ என்பது ஆங்கிலத்திலே இன்று பெரிதும் வழக்கிழந்த ஒரு சொல். வஞ்சகன், நேர்மையற்றவன் என அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். ஆயின், பழைய ஆங்கிலத்தில் அச்சொல் சிறுவனையே குறித்தது. அதற்கு உறவான ஜெர்மானியச் சொல் இன்றும் அப்பொருளிலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலோ சிறுவன் ஏவலாளன் ஆனான். ஏவலாளன் கயவன் ஆனான். ஏவற்சிறுவர் எவரும் இழைத்த குற்றத்தால் நிகழ்ந்த மாற்றமன்று இது. சொல்லுக்குப் பொருள் வகுக்கும் அதிகாரம் ஏவியவர் கையிலே இருந்தது, அவ்வளவே.

நமது திரைப்படங்கள் வழியாக நாமெல்லாம் அறிந்த ‘வில்லன்’ என்ற சொல்லின் வரலாறும் இத்தகையதே. பண்ணையைக் குறிக்கும் ‘வில்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. நிலப்பிரபுத்துவ காலத்திலே பிரபுவின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவனே முதல் ‘வில்லன்’. மறுபுறத்தில், உயர்குடிப் பிறப்பைச் சுட்டிய சொற்கள் பெருந்தன்மையையும் பண்பையும் சுட்டுவனவாக உயர்ந்தன. உழைத்தவன் பெயர் வசையாயிற்று. உண்டவன் பெயர் வாழ்த்தாயிற்று.

தமிழர் இதனைக் கண்டு நகைத்தல் பொருந்தாது. சிறுவனைக் குறிக்கும் ‘பயல்’ நம்மிடையே ‘கள்ளப்பயல்’ என்றன்றோ எளிதிலே வாயில் வருகிறது? இழிசெயலைச் ‘சின்னத்தனம்’ என்கிறோம். சிறியவனாயிருத்தலே குற்றம் போலும்! கரடியனாறு போன்ற படுவான்கரை ஊர்களிலே காட்டோரத்தில் வயல் செய்து, மாடு மேய்த்து வாழ்வோரின் பிள்ளை நகரத்துக்குச் சென்றால், ‘காட்டான்’ என்ற சொல் அவனுக்காகக் காத்திருக்கிறது. அவன் வீட்டிலே விளைந்த நெல்லுக்கு மட்டும் அவ்விழிவு இல்லை.

சொற்களின் பழம்பொருள் மறைந்துவிட்டதே, இனி அதனால் என்ன தீங்கு என்று சிலர் வினவலாம். பொருள் மறைந்தது, அதனைப் படைத்த மனப்பாங்கு மறையவில்லை. வகுப்பறையிலே ஒரு பேனை காணாமற் போனால் முதலில் யாருடைய பை சோதிக்கப்படுகிறது என்பதை ஆசிரியர்கள் தம் நெஞ்சைக் கேட்கட்டும். இம்மனப்பாங்கே சட்டமாகவும் உருவெடுத்ததுண்டு. 1871 இல் பிரித்தானிய இந்தியாவிலே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், செயலை நோக்காது பிறப்பை நோக்கியே முழுச் சமூகங்களைக் குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. 1920 ஏப்ரல் 3 இல் மதுரைப் பகுதியின் பெருங்காமநல்லூரிலே அதனை எதிர்த்து நின்ற மக்கள்மீது பொலிசார் சுட்டனர், பலர் மாண்டனர்.

மேலிருப்போர் தவறும்போது மொழி எவ்வளவு பணிவு கொள்கிறது! தேங்காய் எடுத்தவன் கள்ளன். பொதுப்பணத்தை எடுத்தவர் செய்தது ‘முறைகேடு’. இலங்கையின் பொருளாதார வீழ்ச்சி தொடர்பாக, முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உள்ளிட்டோர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என 2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வீழ்ச்சியால் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை! எனினும், தெருவிலே பிடிபட்ட சிறுவனுக்கு நாம் சூட்டும் பெயரை அத்தகையோருக்குச் சூட்ட நம் நாக்கூசுகிறது.

வள்ளுவரும் கயவரைக் ‘கீழ்’ என்ற சொல்லாலே குறித்தவர்தாம். ஆயினும், பெருமை அதிகாரத்திலே, உயர்ந்த இடத்தில் இருப்பதால் மட்டும் ஒருவர் மேலோர் ஆகார் என்றும், தாழ்ந்த இடத்தில் இருப்பதால் கீழோர் ஆகார் என்றும் அவர் தெளிவுறுத்துகிறார். இருக்கையினின்றும் ஒழுக்கத்தைப் பிரித்தெடுத்த அச்சிந்தனை நமக்கு வழிகாட்டட்டும்.

நம்மவர் ஆடும் 304 என்னும் சீட்டாட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் முன்பு ‘நேவ்’ என்றழைத்த ஜாக்குக்கு அங்கே 30 புள்ளி, அரசனுக்கு மூன்றே. விதியை வகுப்பவர் மாறினால் மதிப்பும் மாறும் என்பதற்கு இவ்விளையாட்டே சான்று. சமுதாயத்தின் விதிகளும் மனிதர் வகுத்தவையே. சொற்களின் பொருளும் அவ்வாறே. கயவன் என்ற சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. அதனை ஏழ்மையின்மீது எறியாது, வஞ்சகம் எங்கே வீற்றிருக்கிறதோ அங்கே அஞ்சாது சூட்டக் கற்போம், மாணவர்க்கும் கற்பிப்போம்.