தொட்டுக்கொண்டிருக்கும் கலங்கள்

பத்தாம் தரத்திற்கு இருதயம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். துடிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது வலது சோணையறையிலுள்ள ஒரு கணு. 1907இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் அதைக் கண்டறிந்தனர் என்றேன். "அந்தக் கணுவுக்குள்ள எந்தக் கலம் சேர் தலைவர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் விடை தெரிந்தது. தலைவர் என்று எவருமில்லை.

கோழி முளையத்தின் இருதயக் கலமொன்றைத் தனியே பிரித்து வளர்த்தாலும் அது தானாகவே துடிக்கும். ஆனால் அத்துடிப்பு சீராக இராது. கல மென்சவ்விலுள்ள அயன் வாயில்கள் தற்செயலாகத் திறந்து மூடுவதால் எழும் மின்னிரைச்சலே அதற்குக் காரணம். இரு கலங்கள் தொட்டுக்கொண்டால், அவற்றுக்கிடையே நுண்ணிய வழிகள் உண்டாகி அயன்கள் போய்வரும்; பின்னர் இரண்டும் ஒன்றாகத் துடிக்கும். கலங்கள் கூடக்கூடத் துடிப்பின் தளம்பல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறைகிறது என்று கிளே, டிஹான் ஆகியோர் 1979இல் காட்டினர். 100 கலங்கள் சேர்ந்தால் தளம்பல் பத்திலொன்றாகும்.

இரைச்சலற்ற கலம் எதுவுமில்லை. ஒன்றின் பிழையை மற்றதன் பிழை சமன்செய்கிறது. ஆனால் இதற்கொரு நிபந்தனை உண்டு. பிழைகள் தனித்தனியானவையாக இருக்கவேண்டும். எல்லோரும் ஒரே பக்கமாகப் பிழைத்தால் எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தாலும் அப்பிழை குறையாது.

இவ்விடத்தில் என் கதையையும் சொல்லவேண்டும். தராவீஹ் எட்டா, இருபதா என்ற பிணக்கில் எங்களூர் ஜமாஅத் இரண்டானபோது, மறுபக்கம் போன மச்சானுக்கு இரண்டு வருடம் நான் ஸலாம் சொல்லவில்லை. ஒற்றுமையைக் காப்பதாகவே நினைத்திருந்தேன். உண்மையில், எங்கள் பக்கத்துப் பிழையைத் திருத்தக்கூடிய ஒருவரையே விலக்கியிருந்தேன்.

காயப்பட்டு இறக்கும் கலத்திடமிருந்து அயற்கலங்கள் வழியை மூடிக்கொள்வதுண்டு. அது தம்மைக் காக்கும் ஏற்பாடு. மச்சான் அப்படி என்ன செய்துவிட்டார்?

கலத்துக்கு மனச்சாட்சி இல்லை, மனிதனுக்கு உண்டு. எனவே பலரோடு சேர்ந்து துடிப்பதே அறமென்று நான் கூறவரவில்லை. தன் கருத்தைக் கைவிடாமலே ஒருவர் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கலாம் என்பதே நான் கற்ற பாடம்.

அன்று அஸருக்குப் பின் மச்சான் வீட்டுக்குப் போனேன். தராவீஹ் பற்றிய எங்கள் கருத்துகள் இன்னும் மாறவில்லை.