விருந்து எப்போது முடிகிறது?

கனடாவில் மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறை வந்துவிட்டால், டொரன்டோவின் புறநகர் வீடுகளில் பார்பெக்யூ அடுப்பின் மேலுறையைக் கழற்றிவிடுவார்கள். ஸ்கார்பரோவின் தமிழ்க் குடும்பங்களும் இதில் சேர்த்திதான். மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் புரட்டி முதல் நாளே ஊறவைத்த கோழி, சோளக் கதிர், பிள்ளைகளுக்கு சாசேஜ் என்று எல்லாம் தயாராக இருக்கும். தயாராக இல்லாதது பெரும்பாலும் அடுப்பு ஒன்றுதான். சென்ற ஆண்டின் கடைசி விருந்தாளி கிளம்பிய இரவு எப்படி மூடினார்களோ, அப்படியே பனிக்காலம் முழுவதும் நின்றிருக்கும்.

விருந்து எப்போது முடிகிறது? கை கழுவியதும் முடிந்துவிட்டது என்பதுதான் கொல்லைப்புறத்தின் கணக்கு. வீட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. அடுப்பு மேடையைத் துடைக்காமல் படுக்கப் போகாத அம்மாக்களிடம் வளர்ந்தவர்களே, வெளியே இருக்கும் அடுப்பை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பார்பெக்யூவில் சமைப்பது பெரும்பாலும் ஆண்கள். இடுக்கியைப் பிடித்து நிற்பது ஆணின் வேலையாகிவிட்டது. பிறகு தேய்ப்பது யாருடைய வேலை என்று இன்னும் முடிவாகவில்லை.

விட்டுவைத்த அழுக்கு சும்மா இருப்பதில்லை. இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு பர்னர்களின் மேலும் அடித்தட்டிலும் படிந்து, கன்னங்கரேலென்று இறுகிவிடும். அடுத்த முறை சூடேறும்போது அதுவே எரிபொருள். அடுப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாததை, கிரில் தீவிபத்துகளுக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் குறிப்பிடுகிறது. அங்கே இத்தகைய விபத்துகள் உச்சம் தொடும் மாதம் ஜூலை.

கண்ணில் படாத இடத்தில் இன்னொரு சங்கதி நடக்கும். வாயுவும் காற்றும் கலந்து பர்னருக்குப் போகும் குழாய் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் ஓய்ந்து கிடக்கும் அந்தக் குழாய்க்குள் சிலந்தி புகுந்து வலை பின்னிவிடும். பார்த்தால் பஞ்சுத் துணுக்கு அளவுதான் இருக்கும். ஆனால் வாயு போக வழியில்லாமல் பின்வாங்கி, குழாயின் வாயிலேயே தீப்பிடிக்கலாம். சிலந்தியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் மஸ்டா கார்களின் கதையைக் கேட்கலாம். எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயில் சிலந்தி கூடு கட்டியதால், 2011-ல் அந்த நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அடுப்புக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. குழாயைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்தால் போதும். பற்றவைத்த பின் சுடர் நீலமாக நின்றால் நல்லது. மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை என்று, ஊரில் பாத்திரத்தின் அடி கரிபிடிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுத்தம் செய்வதிலும் ஒரு ஆபத்து உண்டு என்பதுதான் மனதை உறுத்துகிறது. கம்பித்தட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போது, முடி போன்ற ஓர் இழை உதிர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து இறைச்சிக்கும், இறைச்சியிலிருந்து தொண்டைக்கும் போய்விடும். ரோட் ஐலண்டில் இப்படிக் கழுத்திலும் குடலிலும் கம்பி குத்தி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் அறிக்கையே வெளியிட்டது. அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் யாரும் அலட்சியக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. தட்டைத் தேய்த்தவர், தேய்த்த பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைக்காமல் விட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

கம்பி பிரஷ்ஷுக்கு மாற்று தமிழ்ச் சமையலறையிலேயே இருக்கிறது. தோசைக்கல்லில் தேய்க்கும் அதே பாதி வெங்காயம்! நீளமான முள்கரண்டியில் குத்தி, சூடான கம்பிகளின் மேல் அழுத்தி இழுத்தால் சீறிக்கொண்டே கரி கிளம்பும். இறுகியதை மரச் சுரண்டியால் எடுக்கலாம்.

சிலிண்டரும் மறக்கக் கூடாதது. கனடாவில் புரொப்பேன் சிலிண்டரை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்ய வேண்டும். தேதியைக் கழுத்துப் பட்டையிலேயே பொறித்திருப்பார்கள். பர்னர்களை மூடி, சிலிண்டர் வால்வை மட்டும் திறந்து, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, அடுப்புக்குள்ளேயே தேங்கும். அதனால் பற்றவைக்கும்போது மூடி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

இந்தக் கோடையில் விருந்தாளிகள் கிளம்பிய பிறகு, அடுப்பில் சூடு இருக்கும்போதே ஒரு பத்து நிமிடம் அங்கே நில்லுங்கள். இடுக்கி பிடித்தவரே வெங்காயத்தையும் பிடிக்கட்டும். வளர்ந்த பிள்ளை ஒன்றையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.