பட்டியலில் இல்லாத வாசனை

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் 'ஒரு ஓல்டு ஸ்பைஸ் கொடுங்க' என்று கேட்டால், கடைக்காரர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். 'சாருக்காம்மா?' நான் 'ஒரிஜினல்' என்று மட்டும் சொல்வேன். பத்து வருடமாக அவர் அதே கேள்வியைக் கேட்கிறார், நானும் அதே பதிலைச் சொல்கிறேன். வீட்டில் சார் யாரும் இல்லை என்பது அவருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

என் குளியலறை அலமாரியில் ஆஃப்டர் ஷேவ் பாட்டில் ஒன்று, படிகாரக் கல் ஒன்று, சலூன்களில் பிடரியில் தட்டுகிற பவுடர் டப்பா ஒன்று, எலுமிச்சை மணமுள்ள ஷேவிங் கிரீம் ஒன்று இருக்கின்றன. புருவம் திருத்திய பின் எரிச்சலுக்குப் படிகாரத்தை நனைத்துத் தடவுவேன். அக்குளுக்கும் அதுதான். ஷேவிங் கிரீமை வெறும் வாசனைக்காகக் கையில் நுரைத்துக் கழுவுவதும் உண்டு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இவை எனக்குப் பிடிக்கும்.

பெண்ணியம் பேசும் தோழி ஒருத்தி ஒருமுறை கேட்டாள்: 'ஆணாதிக்கத்தோட வாசனையைக் கழுத்துல தடவிக்கிட்டு எப்படிடி மேடையில பேசுற?' சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேள்வி விளையாட்டு இல்லை. நம்மை ஒடுக்கியவர்களின் பொருளில் நாம் காணும் இன்பம் நம்முடையதா, அல்லது நமக்குள் அவர்கள் விட்டுச்சென்ற எச்சமா?

அன்றைக்கு விலையைச் சொல்லித் தப்பித்தேன். பெண்களுக்கென்று விற்கும் உடல் பராமரிப்புப் பொருள்களுக்கு ஆண்களுடையதைவிடச் சராசரியாக 13 சதவீதம் கூடுதல் விலை என்று நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015இல் கணக்கெடுத்துச் சொன்னது. ரேசரை ரோஜா நிறமாக்கினால் விலை ஏறுகிறது. நான் ஏமாறவில்லை, அவ்வளவுதான் என்றேன். அது உண்மைதான். ஆனால் பதில் அதுவல்ல.

பிறகு வரலாற்றைத் தேடிப் போனேன். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த ஓடிகோலோனை ஆணும் பெண்ணும் ஒன்றுபோலப் பூசினார்கள். 1882இல் பாரிசின் ஊபிகான் நிறுவனம் பெரணிச் செடியின் பெயரில் ஒரு வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. லாவண்டர், ஓக் மரப்பாசி, ஆய்வகத்தில் செய்த கூமரின் ஆகியவற்றின் சேர்க்கை. இன்று உலகமெங்கும் 'சலூன் வாசனை' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அதன் வாரிசு. பெரணிக்கு அப்படியொரு வாசனையே கிடையாது. ஆண்மையின் மணம் என்று நம்பப்படுவது, இல்லாத ஒரு பூவின் மணத்தைப்போல யாரோ உட்கார்ந்து கற்பனை செய்த ஒன்று.

ஓல்டு ஸ்பைஸின் கதை இன்னும் வேடிக்கை. ஷுல்டன் நிறுவனம் 1937இல் அந்தப் பெயரில் முதலில் வெளியிட்டது பெண்களுக்கான வாசனைப் பொருள்களை. ஆண்களுக்கானது அடுத்த வருடம்தான் வந்தது. பெண்களுடையது மறைந்துபோனது, ஆண்களுடையது நிலைத்தது. பாட்டிலில் பாய்மரக் கப்பல். உள்ளே லவங்கமும் பட்டையும் நினைவுக்கு வருகிற மணம். ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அதே லவங்கத்தையும் பட்டையையும் அரைத்த கையோடு நடுக்கூடத்துக்கு வரும் பெண்ணிடம் 'மசாலா நாத்தம், போய் முகம் கழுவிட்டு வா' என்கிறார்கள். கப்பலில் ஏறிக் கண்ணாடிப் பாட்டிலில் திரும்பி வந்தால் அதே மணம் ஆணின் கம்பீரம் ஆகிவிடுகிறது.

இதையெல்லாம் தோழியிடம் சொல்லி ஜெயித்திருக்கலாம். ஆனால் இவை எதுவும் தெரியாத ஏழு வயதிலேயே எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது.

அப்பாவை நேசித்தேன், அதனால் பிடித்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. அப்பா கோபக்காரர். சாம்பாரில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிடுவார், சில நாள் கையும் நீளும். காலை எட்டு மணிக்குக் கொல்லைப்புறக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்வார். அம்மா வெந்நீர்ச் சொம்பை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கடைசியாக உள்ளங்கையில் ஊற்றிக் கன்னத்தில் பட்பட்டென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். வாசனை கூடத்துக்கு வந்து சேரும். அதற்குப் பிறகு சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கும் சத்தம். அவ்வளவுதான், மாலை ஆறு வரை வீடு எங்களுடையது. அம்மா ரேடியோவைப் போடுவாள், குரலை உயர்த்திச் சிரிப்பாள்.

ஆகவே அது எனக்கு அப்பாவின் வாசனையாக இருந்ததேயில்லை, அப்பா கிளம்பிப்போகும் வாசனை. இன்னொன்றும் அதில் இருந்தது: ஒருவர் முகத்தைத் துடைத்து, மணத்தோடு, யாரிடமும் கேட்காமல் வெளியே போக முடியும் என்ற செய்தி. எனக்கு அந்த வெளியே போவது வேண்டியிருந்தது. வேலைக்குப் போன முதல் நாள் நான் தடவிக்கொண்டது மல்லிகையின் மணத்தை அல்ல.

தோழியின் கேள்விக்கு நான் கணக்குக் கொடுக்க மறுக்கிறேன். இன்பத்துக்குச் சான்றிதழ் கேட்கப்படுவது பெரும்பாலும் பெண்ணிடம்தான். சமையலை ரசித்தால் அடிமைப்புத்தி, பட்டுப்புடவையை ரசித்தால் மயக்கம், ஆஃப்டர் ஷேவை ரசித்தால் ஆண்பாவனை. மாசற்ற இன்பம் ஒன்று எங்கே கிடைக்கிறது?

ஆனால் இன்னொரு இடத்திலிருந்து வரும் கேள்வியை இப்படி ஒதுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 'சலூன்ல கூட்டம் இருக்கா பாத்துட்டு வா' என்று அப்பா என்னை அனுப்புவார். வாசற்படியோடு நிற்பேன். எதிரெதிர்க் கண்ணாடிகள், ஈர முடி, படிகாரம், பவுடர், தினத்தந்தி. வயதுக்கு வந்த பிறகு அந்த வாசற்படியும் கிடையாது. இதைப் பெண்ணாக எனக்கு நேர்ந்த விலக்கம் என்று பல காலம் எழுதியும் பேசியும் வந்திருக்கிறேன். அந்தச் சலூன்காரரின் தாய்தான் என்னை உலகத்துக்குக் கொண்டுவந்தவர். மருத்துவச்சி. எங்கள் ரத்தத்தைக் கையில் ஏந்திய அவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, தனி டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போவார். மகன் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு முடிவெட்டிப் போன நாளில், அவர் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். சுத்தத்தைச் செய்யும் கை தீட்டானது. எத்தனையோ ஊர்களில் தலித் ஆண்களுக்கு அந்த நாற்காலியே மறுக்கப்பட்டது, இன்றும் அப்படிச் செய்திகள் வருகின்றன. நான் 'சலூன் வாசனை' என்று உருகும்போது, நாற்காலியில் உட்கார முடிந்தவர்களின் வீட்டுப் பெண்ணாக உருகுகிறேன். வாசற்படியில் நின்றது நான் மட்டுமல்ல. என்னைவிடத் தள்ளி நின்றவர்கள் இருந்தார்கள், எனக்கு அது தெரியாமலும் இல்லை. பாட்டிலை நான் தூக்கிப்போடவில்லை. அந்தச் சொல்லை மட்டும் முன்போலச் செல்லமாகச் சொல்ல வருவதில்லை.

அப்பா இறந்த பத்தாம் நாள் அம்மாவின் பூவையும் மஞ்சளையும் எடுத்தார்கள். அத்தைகள் உட்கார்ந்து பட்டியல் சொன்னார்கள். பூ கூடாது, பொட்டு கூடாது, மஞ்சள் கூடாது, சந்தன சோப்புக்கூட வேண்டாம், வாசனைப் பவுடர் எதற்கு இனிமேல். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். கழுத்திலிருந்து அந்த மணம். கொல்லைப்புற மாடத்தில் பாட்டில் இருந்தது, இரண்டு விரற்கடை மிச்சத்தோடு. விதவைக்கு ஆகாதவற்றின் பட்டியலில் ஆணின் ஆஃப்டர் ஷேவைச் சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

'அப்பா வாசனை வருதேம்மா' என்றேன்.

'அது என்ன அப்பா வாசனை? லவங்கம். தினம் நான் இடிக்கிறதுதான்' என்று திரும்பிப் படுத்தாள்.

அடுத்த பாட்டிலை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவளுக்கு எழுபத்தெட்டு. கடைக்காரரிடம் நான் எப்போதும் இரண்டாகத்தான் வாங்குகிறேன். போன மாதம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பழைய பாட்டிலில் லவங்கம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று குறைபட்டுக்கொண்டாள்.