நோயுற்ற பிள்ளைக்கு நாமே நிழல் தாங்கல்



வளர்ந்து ஆளான பிள்ளைக்குத் தீராத நோய் வந்தால் பெற்றவர் செய்யும் தருமம் எது? காப்பாற்றுவதுதான் தருமம் என்று எல்லோரும் சொல்வோம். எப்படிக் காப்பது என்பதில்தான் மனம் மயங்குகிறது.

கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம், நோயில் கிடந்த மகனை வெயிலாள் அம்மை உற்றார் துணையோடு திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றதை ஏடு வாசிப்பில் கேட்டு வருகிறோம். அந்த மகனுக்கு அப்போது 24 வயது; மனைவியோடு குடும்பம் நடத்தியவர். ஆனாலும் தாய் சுமந்தாள். பிறகு கடலில் இருந்து வைகுண்டராய் எழுந்து வந்தவர், இனி நான் நாராயணருக்கு மகன் என்று சொன்னதையும் அதே தாய்தான் கேட்டாள். பிள்ளையைச் சுமக்கவும் வேண்டும், எனக்கே உரியவன் என்று இறுக்கிப் பிடிக்காமல் இருக்கவும் வேண்டும். பெற்றவருக்கு இதைவிடப் பெரிய பாடம் எது?

என் மகனுக்கு 29 வயது. இரண்டு சிறுநீரகமும் செயல் இழந்துவிட்டன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் செலவைத் தாங்க முடிகிறது. தாங்க முடியாதது தாகம். உடம்பில் நீர் தங்கிவிடும் என்பதால் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். தென்னையும் வாழையும் நிறைந்த ஊரில் இருந்தும் இளநீரும் வாழைப்பழமும் அவனுக்கு ஆகாது. அவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் கூடினால் நெஞ்சுத் துடிப்பே நின்றுவிடலாம். அதனால் அவன் அம்மாவின் கண் எப்போதும் அவன் டம்ளர் மேலேயே இருக்கும். ஒரு நாள் அவன் சொன்னான்: "அளவு எனக்குத் தெரியும்பா. காவல் நிக்காதீங்க, கூட இருங்க, போதும்."

நிழல் தாங்கல் என்ற பேரை நினைத்துப் பாருங்கள். வெயிலில் வருகிறவனுக்கு நிழல், பசித்து வருகிறவனுக்கு அன்னம். வந்தவன் இன்ன வழியேதான் போக வேண்டும் என்று தாங்கல் கட்டளை இடுவதில்லை. குனிந்து கிடந்த மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்க வைத்தவர் அய்யா. நம் உதவி ஒருவனைத் திரும்பவும் குனிய வைத்தால் அது தருமத்தில் சேராது.

யார் செய்த பாவமோ என்று சிலர் கேட்கிறார்கள். வெயிலாள் அம்மையிடம் நாம் அப்படிக் கேட்போமா? பதியின் தண்ணீரும் திருநாமமும் போதும், டயாலிசிஸ் எதற்கு என்பாரும் உண்டு. நான் அவன் நெற்றியில் நாமம் இடுகிறேன், பதித் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு விடுகிறேன், பிறகு பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகிறேன். வைத்தியம் செய்கிற கையையும் அய்யாதான் நடத்துகிறார் என்பது என் நம்பிக்கை.

இப்போது பெரிய கேள்வி ஒன்று வீட்டில் நிற்கிறது. அவன் அம்மா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கத் தயார். பெற்றோர் கொடுக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. கொடுப்பவர் மனதார ஒப்ப வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவனோ, "அம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எப்படி இருப்பேன்" என்கிறான். வற்புறுத்துங்கள் என்று உறவினர் சொல்கிறார்கள். கொடுப்பவருக்கு மனம் வேண்டும் என்றால், வாங்குகிறவனுக்கும் மனம் வேண்டாமா? ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியும் என்பதையும், அதில் உள்ள ஆபத்தையும் டாக்டர் வாயாலேயே அவன் கேட்கச் செய்தோம். முடிவு அவனுடையது. காத்திருப்பது கடினம்தான். பணிவிடைகளில் இதுவே கடினமான பணிவிடை என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளியறைக் கண்ணாடியில் தெரிவது நம் முகம். உனக்குள்ளே அய்யா இருக்கிறார் என்பதே அதன் பொருள். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய கையோடு நிற்கும் பிள்ளையையும் அந்தக் கண்ணாடி அப்படித்தான் காட்டுகிறது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால் புத்தி சொல்லப் போகாதீர்கள். இளநீரும் பழமும் வாங்கிப் போகாதீர்கள். ஒரு நாள் அந்த நாலு மணி நேரம் துணைக்கு இருந்து பெற்றவரை இளைப்பாற விடுங்கள். அந்த நேரத்துக்கு நீங்களே நிழல் தாங்கல்.

அய்யா உண்டு.